மூன்றாவது தள்ளு

எங்கள் வீட்டு முன் விறாந்தையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன்னர் அதே இடத்தில் வேறொரு சைக்கிள் நின்றது. முன்னையது என் வாப்பாவுடையது. இப்போதிருப்பது என் மகனுடையது. இடையில் வந்த நான் சைக்கிளே வைத்துக்கொள்ளாத மனிதன். ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் சிலருக்கு என் மீதுள்ள மதிப்புக் குறையலாம். குறையட்டும். அறுபத்திரண்டு வயதில் அதைச் சேர்த்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கண்டியிலிருந்து குருநாகலுக்குப் போகும் பாதையில், கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்தால் எங்கள் கலகெதர. மலைநாடு முடிந்து பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கத் தொடங்கும் வாசற்படியில் இருக்கும் ஊர். கண்டி அரசர் காலத்தில் இது ஒரு காவல் வாயில். 1803 பெப்ரவரியில் கண்டி மீது படையெடுத்து வந்த ஆங்கிலேயர், கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த அரண்களைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போனார்கள். படை வந்த பாதையைச் சரித்திரம் எழுதி வைக்கிறது. அதே பாதையில் உப்பும் புடவையும் வந்ததை எழுதி வைப்பவர்கள் குறைவு.

எங்கள் பகுதியின் பெயர் மடிகே. இந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. கண்டி இராச்சியத்தில் ‘மடிகே பத்த’ என்றொரு பகுதி இருந்தது. இன்றைய பேச்சில் போக்குவரத்துத் திணைக்களம் என்று சொல்லலாம். அதன் வாகனங்கள் பொதிமாடுகள். மலையிலிருந்து பாக்கு கீழே இறங்கும். கீழேயிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலே ஏறும். பொதிமாட்டு வரிசைக்குத் தவலம் என்று பெயர். அந்தச் சேவையில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். 1815க்குப் பிறகு வெள்ளைக்காரன் பாதை வெட்டினான். மாட்டு வண்டி வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தவலம் ஒழிந்தது. ஆனால் பொதி ஒழியவில்லை. அது மாட்டின் முதுகிலிருந்து மனிதனின் தோளுக்கு வந்தது. தோளிலிருந்து சைக்கிள் கெரியருக்கு வந்தது.

அப்படி வந்த பொதிகளில் ஒன்றைச் சுமந்தவர் என் வாப்பா.

வாப்பா ஒரு புடவை வியாபாரி. கடை இல்லை. கடை முழுவதும் சைக்கிளிலேயே இருந்தது. 1956இல் கண்டியில் ஒருவரிடம் பாவித்த ரலி சைக்கிளொன்றை வாங்கினார். திங்கட்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் புதன்கிழமை மகரிபுக்குத்தான் வீடு வருவார். ஹத்தரலியத்தப் பக்கத்துக் கிராமங்கள்தான் அவரது சுற்று. தார் பாதை ஒன்றே ஒன்று. மற்றவையெல்லாம் கிரவல் பாதைகளும் வயல் வரம்பும் இறப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையும்தான். சுற்று எவ்வளவு நீண்டாலும் வீட்டிலிருந்து பார்த்தால் தூரம் கிட்டத்தான். அதனால் வாப்பா ஒரு நாளும் கஸ்ர் தொழுததில்லை. லுஹரை எங்காவது ஓர் அம்பலத்தில் நிறைவாகத்தான் தொழுவார். இரவில் ஒரு தேத்தண்ணிக் கடை விறாந்தையில் படுப்பார். சிங்களச் சனங்கள் அவரை ‘ரெதி நானா’ என்பார்கள். ரெதி என்றால் அவர்களுடைய மொழியில் புடவை.

பள்ளிக்கூடத்தில் என்னை ‘ரெதி நானாவின் மகன்’ என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும். கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் ‘முதலாளி மகன்’. நான் மட்டும் சைக்கிள்காரன் மகன். படித்து ஓர் உத்தியோகத்துக்குப் போனால் இந்தச் சைக்கிளிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் படித்தேன். 1984இல் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அந்த வருடக் கடைசியில்தான் அது நடந்தது.

அந்த நவம்பரில் மழை விடவேயில்லை. ஒரு புதன்கிழமை, வீட்டுக்குத் திரும்பும் இறக்கத்தில், ஒரு வளைவில் வாப்பா விழுந்துவிட்டார். பழைய ரலியின் பிரேக் கம்பிப் பிரேக். ஹேண்டிலின் கீழுள்ள பிடியை அமத்தினால் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, இறப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தின் உட்பக்கத்தில் போய் உரசும். வளையம் குரோமியம் பூசிய உருக்கு. காய்ந்திருந்தால் பிடிக்கும். நனைந்துவிட்டால் சவர்க்காரம் பூசியது மாதிரி வழுக்கும். பின்னால் நாற்பது கிலோ பொதி தள்ளுகிறது. முன்னால் பிரேக் பிடிக்கவில்லை. வாப்பாவின் தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் சைக்கிள் ஏறவில்லை.

படுக்கையில் கிடந்த நாலாம் நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு, தலைமாட்டிலிருந்த ஒரு பொதியைக் காட்டினார்.

“மகன், இதுல மூணு யார் வெள்ள வொயில் ஈக்கி. செவ்வாக்கிழம ஒரு பொம்புள முற்பணம் தந்தது. மகள் பெரியபுள்ளயாகி ஈக்கி. நாள் பாத்து ஈக்கிறாங்க. அதுக்கு முன்னால குடுக்கணும். சைக்கிள எடுத்துட்டு ஒருக்காப் பெய்த்து வாங்க.”

“சரி வாப்பா” என்றேன்.

நான் போகவில்லை.

அந்தப் பாதையிலிருந்துதான் என் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். புதிதாக நியமனம் கிடைத்த மாஸ்டர், கெரியரில் புடவைப் பொதி கட்டிக்கொண்டு போவதை அவர்கள் பார்ப்பதா? இன்றைக்கு மழை, நாளைக்குப் பள்ளிக்கூட வேலை என்று நாளைக் கடத்தினேன். பத்து நாள் கழித்து வாப்பா கேட்டார்.

“குடுத்தாச்சா மகன்?”

“குடுத்தன் வாப்பா.”

தலையணைக்குக் கீழிருந்த கொப்பியை எடுத்து ஒரு வரியில் குறுக்கே கோடு கிழித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொதியைப் பெட்டகத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன். அடுத்த நோன்புப் பெருநாளைக்கு உம்மா வீடு துப்புரவு செய்யும்போது அதைக் கண்டெடுத்தார். விற்காமல் மிஞ்சிய துண்டு என்று நினைத்துத் தலையணை உறை தைத்துவிட்டார். அந்த உறையில் தலை வைத்து நான் வருடக்கணக்காக உறங்கியிருக்கிறேன்.

1991இல் வாப்பா மௌத்தானார். அதற்கு முந்திய கிழமை, “எனக்கு வரவேண்டிய கடன் எல்லாத்தையும் ஹலாலாக்கிட்டன். நான் குடுக்கவேண்டியது ஒண்டும் இல்ல” என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மூத்த மகன் எழுந்து, மையித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் தன்னிடம் தெரிவிக்குமாறு கேட்பது எங்கள் வழக்கம். நானும் எழுந்து நின்று கேட்டேன். அந்தக் கூட்டத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் கேள்வி கேட்டவன்தான்.

இரண்டு வருடம் கழித்து அந்த ரலியைப் பழைய இரும்புக்காரனுக்கு 150 ரூபாவுக்குக் கொடுத்தேன். அது விறாந்தையில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

*

2022 ஜூன் கடைசியில் நாட்டில் எரிபொருள் தீர்ந்துபோய், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டதல்லவா? அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போன என் மகன், யப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சைக்கிள்களில் ஒன்றை வாங்கிவந்தான். வேலைக்குப் போவதற்கென்று வாங்கியது, பிறகு அவனுக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. நண்பர்களோடு ஹந்தானைப் பக்கம் போவான். தேயிலைத் தோட்டப் பாதைகளில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வருவான். சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவான். ஒரு நாள், “இது இப்ப கிரவல் பைக் வாப்பா” என்றான்.

நான் சிரித்துவிட்டேன். உலகத்தில் இப்போது அதற்குப் பெரிய மவுசு என்று அவன் விளக்கினான். அமெரிக்காவின் கென்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறு நகரில் 2006இல் 34 பேர் சேர்ந்து 200 மைல் கிரவல் பாதையில் ஓடினார்களாம். இன்று அந்த ஓட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். 2022இல் இத்தாலியில் கிரவல் சைக்கிளுக்கென்றே முதலாவது உலகச் சம்பியன்ஷிப் போட்டியும் நடந்தது. பொதி கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போவதற்கு ‘பைக்பெக்கிங்’ என்று தனிப் பெயர் வேறு.

அவன் பெருமையோடு டயரைக் காட்டினான். நாற்பது மில்லிமீற்றர் அகலம். பந்தயச் சைக்கிளுக்கு இருபத்தைந்து, இருபத்தெட்டுத்தான். மலைச் சைக்கிளுக்கு ஐம்பதுக்கு மேல். இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த அகலம்தான் கிரவலுக்குத் தோதானது என்று நிபுணர்கள் கண்டிருக்கிறார்களாம்.

எனக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அடுத்த நாள் டவுனில் ஒரு கிழவனாரின் பழைய சைக்கிளின் டயரைக் குனிந்து வாசித்தேன். 28 தர ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் ஏறக்குறைய முப்பத்தெட்டு. புதிய அளவு முறையில் அந்த டயரை 40-635 என்று எழுதுகிறார்கள். அதே நாற்பது! நிபுணர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்ன டயரில்தான் வாப்பா முப்பது வருடம் ஓடியிருக்கிறார்.

டயர் மட்டுமல்ல. மகன் தன் பைகளைக் கட்டும் முறையைச் சொன்னான். பாரமானது கீழே, நடுவிலே. ஹேண்டிலில் பாரம் கூடினால் வளைவில் சைக்கிள் பேச்சுக் கேட்காது. முதலில் தேவைப்படுவது மேலே. கட்டி முடித்ததும் உயர்த்தி ஆட்டிப் பார்க்க வேண்டும்; எது ஆடுகிறதோ அது பாதையில் அவிழும். இதில் ஒரு சொல்லும் எனக்குப் புதிதல்ல. திங்கட்கிழமை விடியற்காலையில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வாப்பா செய்ததெல்லாம் இதுதான். சீத்தை, பொப்ளின் கட்டுகள் அடியில். கம்பாயமும் சாரமும் நடுவில். சிறுபிள்ளைச் சட்டைத் துணி மேலே. சுற்றிவர மெழுகுசீலை. யார்க்கோல் பாரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஹேண்டிலில் சில்லறைப் பையும் குடையும் தவிர ஒன்றும் இருக்காது. கட்டுவதற்குக் கயிறு பாவிக்க மாட்டார். பழைய டியூபை நீளவாட்டில் வெட்டிய பட்டிதான். கயிறு குலுக்கலில் தளரும்; இறப்பர்ப் பட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மகனும் அதற்காகவே வெளிநாட்டுப் பட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதுவும் இழுபடும் பட்டிதான். நிறம் மட்டும் தோடம்பழ நிறம்.

இந்தக் கலை உலகமெங்கும் இருந்திருக்கிறது. 1884இல் சன்பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய சக்கரச் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்ட தோமஸ் ஸ்டீவன்ஸ் கொண்டுபோனவை காலுறை, மாற்றுச் சட்டை, ஒரு துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் பாவிக்கக்கூடிய ஒரு மழையங்கி, அவ்வளவுதான். 1954இல் தியன் பியன் பூ யுத்தத்தில் வியட்னாமியர் ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கும் மேல் ஏற்றி, ஹேண்டிலில் தடி கட்டித் தள்ளிக்கொண்டே மலை கடந்தார்கள். ஒருவருக்கு அது சாகசம், மற்றவர்களுக்கு யுத்தம். வாப்பாவுக்கு அது அரிசி, மா, எங்கள் பள்ளிக்கூடக் கொப்பி.

மகன் 2023இல் கட்டாருக்குப் போனான். கொஞ்ச நாளில் தொலைபேசியில், “வாப்பா, சைக்கிள் துருப்பிடிக்கப் போகுது. யாருக்காவது குடுத்திடுங்க” என்றான். விற்பதற்காகத் துடைத்து வைக்கையில்தான், பழந்துணி தேடிப் பெட்டகத்தைத் திறந்தேன். அடியில் வாப்பாவின் கொப்பி கிடந்தது.

*

கொப்பி முழுவதும் அறபுத் தமிழ். வாப்பா பள்ளிக்கூடம் போனது குறைவு. ஓதல் பள்ளியில் படித்த எழுத்துத்தான் அவருக்குக் கணக்கெழுதவும் உதவியது. எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்க வரும். ஒரு கிழமை எடுத்துக்கொண்டேன். அதில் யாருடைய பெயரும் இல்லை. பாதை இருந்தது. வாப்பா தன் சுற்றைத் தள்ளும் இறக்கமுமாகவே எழுதி வைத்திருந்தார். தள்ளு என்றால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளவேண்டிய ஏற்றம். கோடு கிழித்த அந்த வரி இதுதான்:

ரெண்டாம் நாள். தள்ளு மூண்டு முடிய, கித்துள் மரம், மதகு, இடப்பக்கம் படி. பெரியபுள்ள. வெள்ள வொயில் மூண்டு யார். முற்பணம் நாப்பது.

விலாசம் என்று இருந்தது இவ்வளவுதான். ஓர் ஓட்டோ பிடித்துக்கொண்டு போனேன். அரை நாள் சுற்றினோம். எஞ்சினுக்குத் தள்ளு ஏது? எந்த ஏற்றம் வாப்பாவை இறக்கியது, எது இறக்கவில்லை என்று ஓட்டோவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. பாதி கிரவல் பாதைகள் இப்போது கொங்கிரீட். கித்துள் மரங்கள் எல்லா இடத்திலும் நிற்கின்றன. வெறுங்கையோடு திரும்பினேன்.

அப்போதுதான் சைக்கிளில் போவதென்று தீர்மானித்தேன். மகனுக்குச் சொன்னதும் பயந்துவிட்டான். “ஒங்களுக்கு என்னத்துக்கு வாப்பா இந்த வயசில…” என்று தொடங்கினவன், பிறகு ஒவ்வோர் இரவும் வீடியோவில் வந்து எனக்குப் பாடம் நடத்தினான். இரண்டு மாதம் விடியற்காலையில் பழகினேன். முழங்கால் வலிக்கு ஆசனத்தை இரண்டு விரல் உயர்த்தச் சொன்னான். உயர்த்தியதும் வலி குறைந்தது. நடுச் சட்டகப் பையில் இரண்டு டியூப், பெச் சாமான், டயர் கழற்றும் நெம்பு, சிறிய பம்பு, பிரஷர் குளிசை. பின் பையில் ஒரு சாரம், ஒரு சட்டை, தொப்பி, மழையங்கி. முன்னால் ஹேண்டிலுக்குக் கீழே, இரண்டு பொலித்தீன் உறைக்குள், மூன்று யார் வெள்ளை வொயில். அதைத் தோடம்பழ நிறப் பட்டியால் கட்டவில்லை. பழைய டியூப் ஒன்றை வெட்டிக் கட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை ஸுபஹுக்குப் பிறகு புறப்பட்டேன். தார் பாதை முடிந்த இடத்தில் டயரின் காற்றை அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறக்கினேன். மகன் சொல்லித் தந்தது. வாப்பாவும் அதே வேலையைத்தான் செய்வார். வால்வைக் கொஞ்சம் தளர்த்தி, டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, “இப்ப கல்லு நோகாது” என்பார். டயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லை அணைத்துக்கொண்டு போகும்.

முதல் நாள் முழுவதும் எனக்கு ஆச்சரியம். கொப்பியில் தள்ளு என்று எழுதியிருந்த இடமெல்லாம் நான் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டேன். மகனின் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஆகச் சின்ன கியரில் முன்னால் 28 பல், பின்னால் 32. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் இரண்டு மீற்றர்கூட நகராது; ஆனால் சுவர் மாதிரி ஏற்றத்திலும் ஏறும். ரலியில் ஒரே கியர். முன்னால் 46, பின்னால் 18 என்று அந்தக் கிழவனாரின் சைக்கிளில் எண்ணி வைத்திருந்தேன். ஒரு சுற்றுக்கு ஐந்தே முக்கால் மீற்றர். அதாவது என்னுடைய ஒவ்வோர் உதைப்பையும் போல மூன்று மடங்கு கனம் வாப்பாவின் காலுக்கு. அதற்கு மேல் நாற்பது கிலோ பொதி.

அன்றிரவு வாப்பா படுத்த இடத்துக்குக் கிட்டவென்று நான் நினைத்த ஒரு கடையில் தங்க அனுமதி கேட்டேன். கடைக்கார ஐயாவுக்கு எண்பது வயதிருக்கும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: “ரெதி நானாவின் மகனா?”

சின்ன வயதில் அந்தக் கேள்விக்கு ஓடி ஒளிந்திருக்கிறேன். “ஓம்” என்றேன். ஒரு பாயும் தலையணையும் தந்தார். வெள்ளை உறை போட்ட தலையணை. பாயை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பகல் வரை அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது தள்ளு எது? எனக்குத் தள்ளே வரவில்லையே! ஒரு மதகில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் என் பிழை விளங்கியது. மகன் தந்த கியர் பாதையை எனக்கு மறைத்துக்கொண்டிருந்தது. கடை வரைக்கும் திரும்பிப் போனேன். முன்னால் 48, பின்னால் 18க்கு மாற்றினேன். ரலிக்கு ஆகக் கிட்ட வந்தது அதுதான். இனிக் கியர் மாற்றுவதில்லை, முடியாத இடத்தில் இறங்குவது என்று வைத்துக்கொண்டு மறுபடி புறப்பட்டேன்.

வாப்பாவை விட எனக்கு வயது கூட, பொதி குறைவு. இரண்டும் சரிக்குச் சரி என்று நினைத்துக்கொண்டேன். முதலாவது ஏற்றத்தின் பாதியில் தொடை எரிந்தது, இறங்கித் தள்ளினேன். தள்ளு ஒண்டு. இறக்கம். வயல். மறுபடி ஏற்றம். தள்ளு ரெண்டு. ஓர் இறப்பர் தோட்டத்து ஓரமாக வந்த ஏற்றம் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் தெரிந்தது. முந்திய முறை அதைக் கவனிக்கக்கூட இல்லை. இப்போது பெடல் அசைய மறுத்தது. இறங்கினேன். தள்ளி முடிந்த இடத்தில் கித்துள் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. மதகு இருந்தது. இடப்பக்கத்தில் மண்ணில் வெட்டிய படிக்குப் பதிலாகச் சீமெந்துப் படி.

*

கதவைத் திறந்தவவுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். ஊரையும் பெயரையும் எழுதமாட்டேன். அவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ரெதி நானாவின் மகன் என்று சொன்னதும் அவவின் முகம் மாறியது. சந்தோஷத்தால் அல்ல.

“அம்மா 2009இல் செத்துப்போனா” என்றா. “அந்த நானா காசை எடுத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. இருபது வருடம் வீட்டுக்கு வந்த ஆள் இப்படிச் செய்வாரா என்று. பிறகு பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் எனக்குத் துணி எடுத்தா.”

அந்தப் பெரியபிள்ளை இவதான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பதில் தயாராக வந்தது. வாப்பா விழுந்துவிட்டார், கால் முறிந்துவிட்டது, அதனால்தான் வரமுடியவில்லை. அது பொய்யுமல்ல. அதைச் சொன்னால் அவ இரங்கியிருப்பா. வாப்பாவும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன். இரண்டு நாள் சைக்கிள் ஓடி வந்ததெல்லாம் அந்த அரைப் பொய்யைச் சொல்லத்தானா என்று நினைத்தேன். விழுந்ததைச் சொன்னேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். துணி என் கையில் தரப்பட்டதை. நான் வெட்கப்பட்டதை. கொடுத்தேன் என்று வாப்பாவிடம் பொய் சொன்னதை. தலையணை உறையையும் சொன்னேன். என் சிங்களம் அவ்வளவு நல்லதல்ல. ஆனாலும் எல்லாம் விளங்கியது.

அவ நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வொயிலை விரித்துப் பார்த்தா. நாற்பது ரூபாவுக்கு இன்று என்ன பெறுமதி என்று நான் கணக்குப் பார்த்துக் கொஞ்சப் பணமும் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்க மறுத்துவிட்டா.

“துணியை வைத்துக்கொள்கிறேன்” என்றா. “போயாவுக்குச் சில் எடுக்கும்போது உடுத்தலாம். அம்மாவின் பேரில்.” பிறகு, “நானா மேலே இனிக் குறையில்லை” என்றா. வாப்பாவைத்தான் சொன்னா. என்னைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவவாகச் சொன்ன ஒரே வார்த்தை “கமக் நே”. பரவாயில்லை என்று அர்த்தம். அது மன்னிப்பா, வாசலில் நிற்கும் ஓர் ஆளை அனுப்பிவைக்கச் சொல்லும் வார்த்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய மற்றவவோ மண்ணுக்குள் இருக்கிறா.

புறப்படும்போது ஒரு பையில் மிளகு கொண்டுவந்து தந்தா. “நானா வெறும் சைக்கிளோடு இங்கிருந்து போனதில்லை” என்றா. அது உண்மைதான். வாப்பா புடவையைக் கொடுத்துவிட்டு மிளகும் பாக்கும் கட்டிக்கொண்டுதான் வருவார். வொயில் இருந்த இடத்தில் அதே டியூப் பட்டியால் மிளகைக் கட்டினேன்.

புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு இறங்கும் பாதையில் மழை தூறத் தொடங்கியது. இந்தச் சைக்கிளின் வளையம் அலுமினியம். நனைந்தாலும் பிடிக்கும் என்று மகன் அடித்துச் சொல்லியிருந்தான். பிடித்தது. ஆனாலும் அந்த வளைவு வந்ததும் இறங்கிவிட்டேன். இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அன்று மகரிபுக்குப் பிறகு கொப்பியைத் திறந்தேன். வாப்பா கிழித்த கோட்டை அழிக்க எனக்கு உரிமையில்லை. அந்த வரிக்குக் கீழே, என் கோணல் அறபுத் தமிழில், கொடுத்த திகதியை எழுதினேன்.

மகன் மறுபடியும் சைக்கிளைப் பற்றிக் கேட்டான். விற்கவில்லை என்று சொன்னேன். கொப்பியில் வாப்பா மற்றவர்களுக்கு ஹலாலாக்கிய வரிகள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளுக்கும் ஒருமுறை போய், உங்கள் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவர்களில் எத்தனை பேர் இன்னும் அதைக் கடனென்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்களோ. முன் டயரில் காற்றுக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன் அடிக்க வேண்டும்.